அறுநூறைத் தொடுவதற்குள்

கரண்டி நுனியில் இருந்த பொடி கறுக்கவே இல்லை. சுடரின் மேல் பிடித்தபடி, நெற்றி வியர்க்கிற வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். கறுக்க வேண்டும். சுடாத பொடி என்றால் முதலில் பழுப்பேறும், பிறகு கறுக்கும், உள்ளே மிச்சமிருக்கிற கரியெல்லாம் எரிந்து தீர்ந்த பிறகுதான் வெள்ளைக்கு வரும். இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் மாறியதில்லை. இதுவோ ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வைத்தது வைத்தபடி வெள்ளையாக இருந்தது. ஜாடியின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ‘சுடாதது’ என்று அவளுடைய கையெழுத்திலேயே, அவளுடைய நீல மையிலேயே எழுதியிருந்தது. இன்னொரு சிட்டிகை எடுத்துக் காட்டினாள். ஜாடியின் அடியிலிருந்து தோண்டி மூன்றாவதும் எடுத்துக் காட்டினாள். எல்லாம் வெள்ளை. சுடரை அணைத்தாள்.

இதற்கு ஜோடியாக இன்னொரு ஜாடி உண்டு. அதற்கு ‘சுட்டது’ என்ற மூடியைப் போட்டுக் காலையிலேயே பிரஸ் அறைக்கு அனுப்பிவிட்டாள். இதில் இருப்பது சுட்ட பொடி என்றால் அதில் போனது எது? அதில் போனது இப்போது கிராஃபைட் அச்சுக்குள் அடைபட்டு, ஃபர்னஸுக்குள் சூடேறிக்கொண்டிருந்தது. சூடு அறுநூறு டிகிரியைத் தொட்டதும் மேலிருந்து அழுத்தம் கொடுப்பார்கள். கொடுக்கப்போகிறவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அந்தத் தொழிற்கூடத்தில் செய்வது ஜன்னல். ஜன்னல் என்றால் கதவும் கம்பியும் வைத்தது இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டு. காட்டுத் தீயின் மேல் பறக்கிற விமானங்களுக்கு அடியில் வெப்பத்தைப் பார்க்கிற கேமரா இருக்கும். அதன் கண்ணுக்கு முன்னால் இதைப் பொருத்துவார்கள். மனிதக் கண்ணுக்கு அது பால் ஊற்றிய கண்ணாடி மாதிரி. வெப்பக் கதிருக்கோ அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி. ஒருமுறை உடைந்த வட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, தம்பி மனைவி அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, “ஜன்னல்ங்கறீங்க, அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலையே அண்ணி” என்று கேட்டாள். வீடே சிரித்தது. அதில் இருக்கிற துகள் அவ்வளவு பொடிசு, வெப்பக் கதிர் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், துகள் கொஞ்சம் தடித்தாலும் தடுக்கி விழும் என்று அவள் விளக்கினாள். அந்தத் துகளை உண்டாக்குவதுதான் அவள் வேலை. இரண்டு உலோக உப்புகளையும் அவற்றை எரியவைக்கிற கிளைசினையும் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வற்றவிட்டால், பாகாக இறுகி, ஒரு கணத்தில் தானாகவே தீப்பிடித்துப் பொங்கிச் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலை அரைத்து, சுட்டு, சலித்தால் பொடி. சுடாமல் விட்டால் அதற்குள் வாயு ஒளிந்திருக்கும், அழுத்தினால் வெளியேற வழியில்லாமல் அச்சையே பிளந்துவிடும். கூடத்தில் அவளுக்குப் பெயரே பொடியக்கா. பொடி தப்பு என்று இதுவரை யாரும் வாய் திறந்ததில்லை.

மூடியில் எழுதுவது அவள் கொண்டுவந்த பழக்கம். ஜாடியின் வெளிப்புறத்தை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பார்கள்; பக்கத்தில் எழுதினால் துணியோடு மை போய்விடும். அதனால் மூடியில் எழுது என்றாள், எல்லோரும் எழுதினார்கள். நல்ல யோசனை என்று மேலாளர்கூடப் பாராட்டினார். பொடி காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால், ஜாடிகளை மூடியில்லாமல் உலர்பெட்டிக்குள் வைப்பார்கள். மூடிகள் பெட்டியின் தலையில் காத்திருக்கும். ஜாடிகள் எல்லாம் ஒரே கடையில் மொத்தமாக வாங்கியவை, ஒன்றுக்கொன்று இம்மி வித்தியாசம் கிடையாது. எந்த ஜாடி இடப்பக்கம், எந்த ஜாடி வலப்பக்கம் என்பதை அவள் ஞாபகம் வைத்துக்கொள்வாள். இன்று காலையும் ஞாபகத்தில்தான் எடுத்தாள். எடுக்கும்போது வாடிக்கையாளர்கள் பிற்பகலில் வருகிறார்கள் என்று மேலாளர் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார், அவள் அவருக்குத் தலையாட்டிக்கொண்டே மூடியைத் திருகினாள். யோசித்துப் பார்த்தால், கை எந்தப் பக்கம் போனது என்பது தவிர மற்றதெல்லாம் நினைவில் இருந்தது. அவர் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாகூட.

தப்பிக்க ஒரு வழி இருந்தது, மனம் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. மாலை முறைக்கு வருகிறவர் சுறுசுறுப்பானவர். சில நாள் சொல்லாமலே சுடாத பொடியை எடுத்துச் சுட்டுவைத்துவிடுவார், மூடியை மாற்ற மறந்துவிடுவார். நேற்று அப்படிச் செய்திருந்தால் இரண்டு ஜாடியுமே சுட்டதுதான், பயப்பட ஒன்றுமில்லை. அவருக்குப் போன் போட்டாள். அணைத்துவைத்திருந்தார். மறுபடி போட்டாள். பிரஸ் அறைக்கும் போன் உண்டு, ஆனால் அது மேலாளர் மேசை வழியாகப் போகும். எடுத்ததும் “சொல்லுங்கம்மா” என்பார். என்ன சொல்வது? ஒருவேளை பொடி மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம் என்றா? ஃபர்னஸைப் பாதியில் நிறுத்தினால் இந்தப் பொடி வீண். வருகிறவர்களிடம் காட்ட வட்டு இருக்காது. நிறுத்தாவிட்டால், ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை ஆகும். இந்த அளவு வட்டுக்கு மிஞ்சியிருக்கிற அச்சு அது ஒன்றுதான். இதற்கு முன்னால் இருந்தது வெடித்துப் போயிற்று.

அந்த வெடிப்பை நினைத்த இடத்தில்தான் அவள் கை அப்படியே நின்றது.

போன வருடம் அச்சு வெடித்த சத்தம் வாசல் காவலாளி வரைக்கும் கேட்டது. ஓட்டிக்கொண்டிருந்தவன் தம்பி. யாருக்கும் அடிபடவில்லை, அதுவே பெரிய பாக்கியம். விசாரித்தார்கள். வெப்பம் சரி, வெற்றிடம் சரி, பொடி பொடியக்காவுடையது, அதனால் சரி. மிச்சமிருந்தது அழுத்தம் கொடுத்த கை. அவசரப்பட்டு ஏற்றிவிட்டான் என்று முடிவாயிற்று. அன்றைக்கு எல்லோரும் நிற்கும்போது அவளே வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “சின்ன வயசிலேர்ந்தே இவனுக்குப் பொறுமை கிடையாது சார்” என்றாள். கோபத்தில் சொன்னது. வேலை போகாமல் இருக்கட்டும் என்று, வீட்டுப் பிள்ளையைத் திட்டுகிற மாதிரித் திட்டி விஷயத்தை லேசாக்கப் பார்த்தது. வேலை போகவில்லை. பதவியில் ஒரு படி இறக்கி, அதே பிரஸ்ஸில் விட்டுவைத்தார்கள். கூடத்தில் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர் வந்தது, இன்றுவரை அந்தப் பெயர்தான். முதல் ஒரு வாரம் நான் மெதுவாகத்தான் திருப்பினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், பிறகு, “இருக்கும்க்கா, கொஞ்சம் வேகமா திருப்பிட்டேன் போல” என்று ஒத்துக்கொண்டுவிட்டான். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்பார்கள். இவன் அதே அடுப்படியில் தினமும் எட்டு மணிநேரம் உட்கார வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கூடத்திலேயே அவனை விட நிதானமான ஆள் கிடையாது. வீட்டிலும் அப்படித்தானாம். படுத்த பிறகு எழுந்துபோய் கேஸ் குமிழைப் பார்க்கிறார், வந்து படுக்கிறார், திரும்ப எழுந்துபோய்ப் பார்க்கிறார், பெண் குழந்தையைத் தூக்கக்கூடப் பயப்படுகிறார் என்று தம்பி மனைவி சொன்னபோது, இவள், “போகப் போகச் சரியாயிடும்” என்று ஆறுதல் சொல்லி அனுப்பினாள்.

வெடித்ததற்கு மறுநாள் நடந்த ஒன்று இப்போது ஞாபகம் வந்தது. சுடாத பொடியைச் சுட்டால் எடை குறையும், வாயு போய்விடுவதால். அன்றைக்கு ‘சுடாதது’ என்ற மூடியோடு மிச்சமிருந்த ஜாடியைச் சுட்டு நிறுத்தபோது எடை குறையவே இல்லை. அவள் என்ன செய்தாள்? தராசு கெட்டுவிட்டது என்றாள். ஆள் வரவழைத்துத் தராசைப் பிரித்துப் பார்க்கச் சொன்னாள். வந்தவன் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியும், நம்பாமல் புதுத் தராசு கேட்டாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுட்ட பொடியை இரண்டாம் தடவை சுட்டால் எடை எப்படிக் குறையும்? அந்த அற்பக் கணக்கு ஒரு வருடமாக அவள் தலையில் ஏறவில்லை. ஏறாததற்குக் காரணம் மூளை இல்லை, தன் பொடி தப்பாகும் என்ற நினைப்பே அவளுக்கு வராததுதான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவேளை மாலை முறைக்காரர் சுட்டிருந்தால் வட்டு நன்றாகவே வரும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், நாளையிலிருந்து ஜாடியிலேயே சுரண்டி எழுதிவிடலாம். தப்பாகப் போனால் மறுபடி அச்சு வெடிக்கும், அதற்கும் அவனைத்தான் சொல்வார்கள், இந்தத் தடவை அனுப்பியேவிடுவார்கள். அவனும், “இருக்கும்க்கா” என்பான். அந்தக் குரல் காதில் கேட்டதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடினாள். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் சரக்கு வண்டி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது, ஓட்டுநர் சத்தம் போட்டான். அவள் நிற்கவில்லை.

பிரஸ் அறையில், ஃபர்னஸிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குகிற பம்பின் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை. தம்பி ஃபர்னஸுக்கு எதிரில் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். சூட்டைக் காட்டுகிற பெட்டியில் சிவப்பு எழுத்து ஐந்நூற்று எண்பத்தொன்று என்றது. அழுத்தக் குமிழுக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்திருந்தான். வந்தது யார் என்று பார்க்காமலே அந்தக் கையைத் துடைத்துக்கொண்டான்.

“அழுத்தாதே” என்றாள்.

அவன் கை சட்டென்று மடிக்கு வந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டான். “நான் இன்னும் தொடவே இல்லக்கா” என்றான்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். அழ நேரம் இல்லை. பொடி மாறியிருக்கலாம், மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது, உள்ளே இருப்பது சுடாததாக இருக்கலாம், உறுதியாகத் தெரியவில்லை என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். பதறுவான் என்று நினைத்தாள், பதறவில்லை. ஐந்நூற்றுத் தொண்ணூறு. உதட்டைக் கடித்து யோசித்துவிட்டு, நிறுத்தவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம், இப்படியே லூஸாக மேலே கொண்டுபோகலாம் என்றான். அழுத்தாத பொடியில் சந்து இருக்கும். உள்ளே வாயு இருந்தால் சந்து வழியாக வெளியே வந்துவிடும், அச்சு தப்பிக்கும். வந்தால் வெற்றிடத்தைக் காட்டுகிற முள் எழுந்துவிடும். வராவிட்டால் பொடி நல்ல பொடி, அப்புறம் அழுத்திக்கொள்ளலாம், வட்டு கொஞ்சம் சுமாராக வரும், அவ்வளவுதான். “முள்ளு சொல்லிடும்க்கா” என்றான். அவன் இவ்வளவு பேசி அவள் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

அறுநூறு வந்தது. போயிற்று. அழுத்தவேண்டிய இடத்தில் அழுத்தாமல் இருப்பதற்கு அவன் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தது. அது எழுந்துவிடக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள், தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும். இது நல்ல பொடியாக இருந்துவிட்டால், இதை மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம். பழைய கதை தராசோடு போகட்டும். அதைக் கிளறி இப்போது யாருக்கு என்ன லாபம்? பிறகு பார்த்து, பக்குவமாக, ஒரு நல்ல நாளில் சொல்லிக்கொள்ளலாம். நல்ல நாள் என்று எதை நினைத்தாளோ, அது அவளுக்கே தெரியாது.

“அக்கா.” அவன் திரும்பவில்லை. முள்ளைப் பார்த்தபடியே கேட்டான். “அன்னைக்கும் ரெண்டு ஜாடிய ஒண்ணாத்தான காய வெச்சிருந்த?”

பம்ப் இரைந்துகொண்டிருந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட அதுவே போதும்.

“ஆமாண்டா” என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றோ, எப்போதிலிருந்து தெரியும் என்றோ கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியும். இப்போதுதான் தெரிந்தது, அரைமணிகூட ஆகவில்லை என்று சத்தியம் பண்ணியிருப்பாள். கேட்காததால் அந்தச் சத்தியத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அவன் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலில் முழங்கையை ஊன்றி, முள்ளை முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தான். உதடு அசைந்தது. அவளும் பக்கத்தில் குனிந்தாள். அறுநூற்று ஐம்பது. முள் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தபோதுதான் அவன் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது காதில் விழுந்தது. “எழுந்துரு, எழுந்துரு” என்று, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி, மெல்ல, கெஞ்சிக்கொண்டிருந்தான்.

இரண்டு பேரும் ஒரே முள்ளைப் பார்த்து வேறு வேறு வரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முள் எழாவிட்டால் இன்றைய பொடி நல்லது, அக்காவுக்கு வந்தது வெறும் பயம், அன்றைக்கும் வெறும் சந்தேகம். அவன் கை அவசரக் கையாகவே இருந்துவிடும். எடை குறையாததை அவள் சொல்லலாம். ஒரு வருடத்துக்கு முந்திய எடையை யார் நம்புவார்கள்? அவனே நம்ப மாட்டான். அக்கா நமக்காகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, இரவில் எழுந்து கேஸ் குமிழைப் பார்க்கப் போய்விடுவான். அவனுக்கு முள் சொல்ல வேண்டும். எழுந்து தொலையேன் என்று அவளும் மனசுக்குள் சொன்னாள்.

அறுநூற்று எழுபதைத் தாண்டியதும் முள் ஒரு துடி துடித்தது. மின்சாரம் ஏறி இறங்கினால்கூட அப்படித் துடிக்கும் என்று அவன் விரலை உயர்த்திக் காட்டினான், பொறு என்கிற மாதிரி. பொறுத்தார்கள். முள் மறுபடி துடித்து, தயங்கி, எழுந்தது. எழுந்ததும் படுக்கவில்லை. பம்ப் அதை இழுத்துப் படுக்கவைக்கப் பார்த்தது, முடியவில்லை, அதன் குரல் மாறிற்று. ஒளிந்திருந்த வாயுவெல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தது.

“எழுந்துடுச்சுக்கா” என்றான். அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது. கண் நிறைந்துவிட்டது, வாய் சிரித்தது. அவளைப் பார்த்துத்தான் சிரித்தான். அவள் மேல் கோபப்பட வேண்டும் என்பதே அந்த நிமிஷம் அவனுக்கு ஞாபகம் இல்லை. அது பிறகு வரும், வராமல் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. பயத்தோடு பயமாக அவளும் சிரித்தாள்.

கதவு திறந்தது. மேலாளர் வந்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். முதலில் சிவப்பு எழுத்தைப் பார்த்தார், பிறகு அழுத்தக் குமிழைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். அவர் முகம் சோர்ந்துபோயிற்று. “மறுபடியும் என்னப்பா?” என்றார்.

தம்பியின் சிரிப்பு அணைந்தது. பழக்கம், கைகள் தானாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. அவனைப் பேசவிடாமல் அவள் முன்னால் வந்தாள். “அவன் இல்ல சார். பொடி தப்பு. நான்தான் மூடிய மாத்திப் போட்டுட்டேன்” என்றாள். சொல்லிவிட்டு நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். கரண்டியில் கறுக்காத பொடி, இரண்டு ஜாடி, அழுத்தாமல் மேலே கொண்டுபோனது, முள். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். அச்சு தப்பித்ததா என்று தம்பியிடம் கேட்டார். தப்பித்தது சார் என்றான். பிற்பகல் வருகிறவர்களிடம் பழைய வட்டைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவருக்கு உயிர் திரும்பி வந்தது தெரிந்தது.

“பரவால்லம்மா, மனுஷங்கதான. இத்தன வருஷத்துல உங்க கையில ஒரு தப்பு வந்ததில்ல” என்றார். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, “இது ஒண்ணுதானே?” என்றார்.

தம்பி திரும்பவில்லை. கைகளைப் பின்னால் கட்டியபடி ஃபர்னஸைப் பார்த்து நின்றான். பிடரியிலிருந்து வியர்வை ஒரு கோடாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போயிற்று. பம்பின் இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. அவன் தோளுக்கு அப்பால், முள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.